எதிரிக்கு வளர்த்த நெருஞ்சி

எங்கள் தெருவில் நெருஞ்சிக்குத் தண்ணீர் ஊற்றிய ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் மண்வெட்டியால் கொத்தி எறிகிற செடியை நான் டம்ளரில் அளந்து ஊற்றி, வெயில் படுகிறதா, ஆடு மேய்ந்துவிட்டதா என்று எட்டி எட்டிப் பார்த்து, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டேன். பக்தியும் இல்லை, மூலிகை வைத்தியமும் இல்லை. ஒரு மனிதர் ‘ஐயோ’ என்று கத்த வேண்டும், அதை நான் என் காதால் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

அந்த மனிதர் எதிர்வீட்டுக்காரர். ரிட்டையர்டு ஆபீசர். எந்த ஆபீஸ் என்று நான் சொல்லப்போவதில்லை. அவரே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். பெரம்பலூரில் அரியலூர் ரோட்டை ஒட்டி நகர் நகராகப் பிரித்து வீடு கட்டினார்களே, அதில் ஒன்றில் நாங்கள் இருவரும் எதிரெதிரே குடியேறினோம். என் மனைவி காம்பவுண்டை ஒட்டிச் செம்பருத்தி, நந்தியாவட்டை, செவ்வரளி என்று வைத்தாள். அவர் ஒரு துணிப்பையும், முனையில் கம்பி வளைத்துக் கட்டிய குச்சியும் வாங்கினார். அவருடைய தோட்டக்கலை அதோடு முடிந்தது.

விடியும் முன்னே வாக்கிங் கிளம்புவார். குச்சியை நீட்டிக் கிளையை இழுத்து, மொட்டுகூட மிச்சம் வைக்காமல் பறித்துப் பையில் போட்டுக்கொள்வார். திங்களும் வெள்ளியும் செடி மொட்டையாகிவிடும். அன்றைக்கு எங்கள் அரளி பஸ் ஏறிச் சிறுவாச்சூர் அம்மன் கோயில் வரைக்கும் போய் அவர் பேருக்கு அர்ச்சனை ஆகும். செடி வைத்தவள் தன் வீட்டுச் சாமி படத்துக்கு மார்க்கெட்டில் பூ வாங்கி வருவாள்.

ஒருநாள் வழியில் மடக்கிப் பேசினேன். கூட வாக்கிங் வந்த இரண்டு பேரும் பக்கத்தில் நின்றார்கள்.

“சார், ரெண்டு பூவாச்சும் செடியில வுட்டு வைங்களேன். வூட்டுல சாமி படத்துக்கு வைக்கணும்ல.”

“தம்பி, நான் எனக்கா பறிக்கிறேன்? சாமிக்குப் போடுறேன். பாதிப் புண்ணியம் செடி வச்சவனுக்குத்தான். நீ தூங்கிக்கிட்டே சம்பாதிக்கிற. கசக்குதா?”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

“இல்ல சார், என் வீட்டுக்காரி ஆசையா வச்ச செடி...”

“பாத்தீங்களா? நாலு பூவுக்கு நடுரோட்டுல நிக்க வச்சு விசாரணை. ஊரெல்லாம் மைக்செட்டு கட்டிக் கத்துற ஆளு, மனசு மட்டும் இத்தினியூண்டு” என்று சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.

மைக்செட் கட்டுவதுதான் என் தொழில். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஒலிபெருக்கி என்னுடையது. இடையிடையே மைக்கைப் பிடித்து நாலு ஜோக்கும் சொல்வேன். ஆயிரம் பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன் என்று பெருமை பேசுகிறவன். அன்றைக்கு இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்தபோது எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பல் விளக்கும்போது வந்தது. அருமையான பதில். வாஷ்பேசினிடம் சொன்னேன். அது கேட்டுக்கொண்டது.

அதன் பிறகு தினமும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். பழிவாங்குகிறவனுக்குப் பொறுமை வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது, ஆனால் தூக்கமும் கிடையாது. அதனால் சரியாகப் போயிற்று. நாலைந்து நாள் கவனித்த பிறகுதான் அது கண்ணில் பட்டது. குச்சியை நீட்டும் முன் செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைக்கிறார். சாமிக்குப் போகிற பூ ஆயிற்றே, செருப்புக் காலோடு பறிக்கலாமா? ஊரான் வீட்டுச் செடியில் திருடலாம், செருப்புப் போட்டுக்கொண்டு மட்டும் திருடக் கூடாது. காம்பவுண்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு மண் கிடக்கிறது. அதில் வெறுங்காலோடு நின்று, கால்விரலில் எம்பி, எட்டாத பூவையும் இழுக்கிறார்.

அந்த ஒரு முழ மண்ணைப் பார்த்ததும் எனக்கு நெருஞ்சி ஞாபகம் வந்தது. மனிதனுக்கு ஞானம் எங்கே வேண்டுமானாலும் பிறக்கும். எனக்கு ஜன்னலில் பிறந்தது.

அந்த வாரமே ரஞ்சன்குடியில் ஒரு காதுகுத்து. பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, பந்தலுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் தடித்த ரப்பர் செருப்போடு குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். காது குத்துகிற பையனின் தாய்மாமன் பார்த்துவிட்டு, “என்ன சார், எதாச்சும் தொலைச்சிட்டீங்களா?” என்றார். “இல்லீங்க, சுகருக்கு நடக்குறேன்” என்றேன். செருப்பின் அடியில் முள் அடை அடையாக அப்பிக்கொண்டது. அதற்கு இதைவிடச் சுலபமான அறுவடை கிடையாது. செருப்பைக் கேரிபேக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ஊக்கால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன்.

வளர்ப்பதில்தான் தோற்றேன். கூப்பிடாமலே ஊரெல்லாம் முளைக்கிற செடி, கூப்பிட்டதும் வரமாட்டேன் என்றது. மண்ணைக் கொத்திப் பொடியாக்கி, மக்கிய சாணி போட்டு, முள்ளைப் புதைத்து, இரண்டு வேளையும் தண்ணீர் விட்டேன். கோரையும் சாரணையும் கும்மாளமாக வந்தன, நெருஞ்சி வரவில்லை. தோண்டிப் பார்த்தால் பாதி முள் அழுகியிருந்தது, மீதி கல் மாதிரி அப்படியே கிடந்தது. பாடாலூர் போகும்போது ரோட்டோரம் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். சரளையில், லாரிப் புகையில், ஒரு சொட்டுத் தண்ணீரில்லாத இடத்தில் அது பாய் விரித்தாற்போல் படர்ந்து மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அது பாலைவனத்துப் பிள்ளை. நான் அதற்குச் சோறூட்டித் தாலாட்டியிருக்கிறேன்.

சாணி மண்ணை வாரி எறிந்தேன். வீடு கட்டியபோது மிஞ்சிய கிராவலைக் கொட்டினேன். முள்ளை மேலாகத் தூவி, காலால் — செருப்புக் காலால்தான் — அழுத்திவிட்டுத் தண்ணீரை நிறுத்தினேன். வைகாசியில் ஒரு மழை அடித்தது. பிறகு வெயில் காய்ந்தது. ஒருநாள் காலையில் கிராவலுக்கு நடுவே புளியிலை மாதிரி குட்டிக் குட்டி இலை. எனக்கு மகள் பிறந்த அன்றைக்குக்கூட நான் இப்படி ரோட்டில் மண்டி போட்டதில்லை.

ஆனால் செடி சோம்பிக் கிடந்தது. மேலே நந்தியாவட்டையின் நிழல். அரிவாளை எடுத்துக் கிளையைக் கழித்தேன். மனைவி ஓடி வந்தாள்.

“ஏங்க, நல்ல கிளையை எதுக்கு வெட்டுறீங்க?”

“வெயில் பத்தல.”

“எதுக்கு பத்தல?”

“தெருவுக்கு.”

குனிந்து பார்த்தாள். “இது நெருஞ்சிங்க! பிடுங்கி எறியாம இதுக்கா வெயில் காட்டுறீங்க?”

“கல்லடைப்புக்கு நல்லதுடி.”

“யாருக்குக் கல்லடைப்பு?”

“வரலாம்ல.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னோடு பல வருஷம் வாழ்ந்தவள். எந்தக் கேள்வியோடு நிறுத்தவேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

வெயில் கிடைத்ததும் நாலு பக்கமும் தரையோடு தரையாக ஓடிற்று. பிறகு பூத்தது. ஐந்து இதழ், சுத்த மஞ்சள். காலையில் அத்தனையும் கிழக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். பொழுது சாய்ந்தால் மேற்கே. இவ்வளவு சாதுவான பூவை இப்படி ஒரு காரியத்துக்கு வளர்க்கிறோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் எதிர்வீட்டுக் கதவு திறக்கிற வரைக்கும் இருந்தது. பூ உதிர்ந்து காய் பிடித்தது. காய் முற்றி, பிளந்து, துண்டுக்கு இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தபோது, மேடையில் மாலை விழுந்ததுபோல் இருந்தது.

நானே மிதித்தேனா என்று கேட்பீர்கள். மிதித்தேன். முதல் வாரமே, இரண்டு காலிலும். அதை விடுங்கள்.

ஆடி வெள்ளி. அதைவிட நல்ல நாள் கிடையாது. விடியும் முன்பே ஜன்னலில் இடம் பிடித்தேன். கையில் காப்பி. அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். ஜோடியாக வைத்தார். வலது காலைத் தூக்கி என் நெருஞ்சிப் பாயின் நடுவில் வைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் சத்தம் கொடுக்கிற எனக்கு அந்த ஒரு சத்தம் போதும்.

சத்தம் வரவில்லை. இடது காலையும் வைத்தார். எம்பினார். முன்னால் நகர்ந்தார். பின்னால் நகர்ந்தார். முழுச் செடியையும் பறித்து முடித்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார். என் காப்பி ஆறிவிட்டது.

இறங்கிப்போய் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். சுருக்கென்று ஏறியது. முள்ளில் குறை இல்லை. அப்படியானால் அவர் காலில்தான் ஏதோ இருக்கிறது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் வாசலில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்து, “புல்லு நல்லா வுட்டிருக்க தம்பி. நிக்கிறதுக்கு மெத்துன்னு இருக்கு” என்றார்.

அது நக்கல் என்றே எடுத்துக்கொண்டேன். இந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்னை அவமானப்படுத்தப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். இல்லையென்றால் — இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது — சாமி நிஜமாகவே அவர் பக்கம் இருக்கிறது. இரண்டாவதை நினைத்ததும் அன்றைக்குக் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. தீமிதிக்கிறவர்களுக்குக் கால் சுடுவதில்லையாமே. நான் யாரோடு மோதிக்கொண்டிருக்கிறேன்?

அதற்குப் பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. ஒரு மத்தியானம் காம்பவுண்டு ஓரமாக என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உள்ளே வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“அவருக்கு சுகர் வந்து காலு ரெண்டும் மரத்துப் போச்சும்மா. போன சித்திரையில பஸ் ஸ்டாண்டுல ஒத்தச் செருப்பு கழண்டு விழுந்திருக்கு. அது தெரியாமலே அந்த வெயில்ல வூடு வரைக்கும் வந்துட்டாரு. உள்ளங்காலு கொப்புளிச்சு நிக்குது, ‘என் செருப்பு எங்கடி’ன்னு என்னைக் கேக்குறாரு.”

என் கையிலிருந்து வயர் விழுந்தது.

கால் மரத்தவருக்கு முள் தெரியாது. முள் தெரியாவிட்டால் எடுக்கமாட்டார். எடுக்காவிட்டால் உள்ளேயே கிடந்து சீழ் பிடிக்கும். சுகர்காரருக்குச் சீழ் பிடித்தால் ஆறாது. எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு முதலில் விரல் போயிற்று, பிறகு பாதம், பிறகு முழங்கால். என் மனதில் எதிர்வீட்டுக்காரர் கட்டம் கட்டமாகக் குட்டையாகிக்கொண்டே வந்தார். நான் கேட்டது ஒரு ‘ஐயோ’. காலைக் கேட்கவில்லை. செடி வளர்த்ததற்குப் போலீசில் என்ன கேஸ் போடுவார்கள் என்று போனில் தேடினேன். அது எனக்குச் செடி விற்கிற கடைகளைக் காட்டியது.

உச்சி வெயிலில் இறங்கி அத்தனை நெருஞ்சியையும் வேரோடு பிடுங்கினேன். கையுறை போடக்கூடத் தோன்றவில்லை. உதிர்ந்து கிடந்த முள்ளுக்கு, சாக்கை நனைத்துத் தரையில் பரப்பி, மேலே நின்று மிதித்து மிதித்துச் சுருட்டி எடுத்தேன். சாக்கு முள்ளம்பன்றி மாதிரி எழுந்தது. போகிற வருகிறவர்கள் “என்ன சார் டான்ஸா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

மண் சுத்தமாயிற்று. ஏற்கெனவே காலில் ஏறியதை யார் எடுப்பது? அவர் உள்ளங்காலை நான் பார்த்தாக வேண்டும். ‘சார், உங்க காலைத் தூக்கிக் காட்டுங்க’ என்று எப்படிக் கேட்பது? ஏன் என்று கேட்டால்? இரவெல்லாம் புரண்டேன். ஒருவர் பாதத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோக நம் ஊரில் ஒரே ஒரு மரியாதையான வழிதான் உண்டு. காலையில் புது வேட்டி கட்டிக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

“வா, எதிர்வூட்டு சார்ட்ட ஆசீர்வாதம் வாங்கணும். கல்யாண நாள்.”

“நம்ம கல்யாணம் தை மாசம்ல?”

“வாயை மூடிக்கிட்டு வா.”

அவர் ஹாலில் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். பூத்திருடனின் காலில். வாழ்க்கையில் என் அப்பா காலில்கூட நான் இவ்வளவு சிரத்தையாக விழுந்ததில்லை. விழுந்தவன் எழுந்திருக்கவில்லை, கழுத்தை மட்டும் திருப்பி மேலே போட்டிருந்த காலின் அடியைப் பார்த்தேன். குதிகாலில் ஏழெட்டு கறுப்புப் புள்ளிகள். ஒன்றைச் சுற்றிச் சிவந்து, நடுவில் வெள்ளையாகப் பழுத்திருந்தது.

“தீர்க்காயுசா இருங்க. எந்திரி தம்பி, போதும்” என்றார்.

“இன்னும் கொஞ்சம் ஆசீர்வாதம் பண்ணுங்க சார்” என்றேன். கழுத்தை இன்னும் வளைத்துப் புள்ளிகளை எண்ணினேன். அவர் அதை உருக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

எழுந்து, மெதுவாக, “சார், கும்பிடும்போது பாத்தேன், குதிகால்ல என்னமோ பழுத்திருக்கு” என்றேன். அவர் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, “அய்யய்யோ!” என்று அலறினார். நான் மாதக்கணக்கில் காத்திருந்த சத்தம் வந்தது. தவறான ஆளிடமிருந்து வந்தது.

“ஒண்ணுமில்ல, வலியே இல்ல” என்று அவர் அதட்டினார். வலி இல்லாததுதான் ஆபத்து என்று சொல்லி, வண்டியின் பின்னால் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். ஒவ்வொரு முறை டங் என்று கேட்டபோதும் நான்தான் துள்ளினேன். எதிர்வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தனை நெருஞ்சி முள்ளா? எங்க போய் வெறுங்காலோட நின்னீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. எதிர்வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எங்க வூட்டுக் கொல்லையிலதான் சார்” என்றார். அவர் வீட்டுக்குக் கொல்லையே கிடையாது. பின்பக்கம் முழுக்க சிமெண்ட். ஊரான் செடியில் பூ பறித்தேன் என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வார்? நானும் தலையை ஆட்டி, “ஆமா சார், கொல்லையில புதர் மண்டிக் கிடக்கு” என்றேன். பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் இரண்டு பொய்யர்கள்.

“நல்ல நேரத்துல வந்தீங்க. வுட்டிருந்தா குதிகால் போயிருக்கும். இப்பவும் ஆறினாத்தான் சொல்ல முடியும். இனிமே வாசப்படியத் தாண்டினா செருப்பு இல்லாம கால் வைக்கக் கூடாது” என்றார் டாக்டர்.

ஆறுகிற வரைக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் பிரிக்க நான்தான் வண்டியில் அழைத்துப் போனேன். அந்தப் புண்ணை நான் பார்த்த மாதிரி என் பிள்ளைகளின் மார்க் ஷீட்டைக்கூடப் பார்த்ததில்லை. ஓரம் சிவந்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது. காய்ந்திருந்தால் டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொல்வேன். இதற்கிடையில் அவர் என்ன செய்தார் தெரியுமா? வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னார்.

“பூவுக்குச் சண்டை போட்டாருல்ல மைக்செட்காரரு? வூட்டுக்கு வந்து பொண்டாட்டியோட கால்ல வுழுந்து மன்னிப்பு கேட்டுட்டாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. இப்ப வண்டியில வச்சு எல்லா எடத்துக்கும் கூட்டிட்டுப் போறாரு. மனசாட்சி உள்ள புள்ள.”

இல்லை என்று சொல்ல முடியாது. ஏன் விழுந்தாய் என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. தெருமுனையில் அன்றைக்குச் சிரித்த இரண்டு பேரும் இப்போது என்னைப் பார்த்தால் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் எனக்குப் பழைய கோபம் ஒரு பிடி ஏறியது. ஒரு கையால் மருந்து வாங்கினேன், மறு கையால் மனசுக்குள் அரிவாள் தீட்டினேன். சீக்கிரம் ஆறட்டும், ஆறினபிறகு இருக்கிறது உனக்கு என்று சொல்லிக்கொண்டே கட்டை மாற்றக் கூட்டிப்போனேன்.

புரட்டாசியில் தோல் மூடிக்கொண்டது. ‘இனி பயமில்லை’ என்று டாக்டர் சொன்ன மறுநாள் விடியற்காலையில், எதிர்வீட்டுக் கதவு திறந்தது. துணிப்பை, குச்சி, காலில் பட்டை வைத்த புதுச் செருப்பு. நான் காப்பியோடு ஜன்னலுக்குப் பறந்தேன்.

எங்கள் செடிக்குக் கீழே வந்து நின்றார். அத்தனை நாள் யாரும் பறிக்காததால் நந்தியாவட்டை வெள்ளை வெளேரென்று பூத்துக் குலுங்கியது. குச்சியை நீட்டினார். குனிந்து செருப்பைப் பார்த்தார். பட்டையைக் கழற்றக் கை போயிற்று, அவர் வீட்டு வாசலிலிருந்து “ஏங்க!” என்று ஒரு குரல் வந்தது. நிமிர்ந்தார். மறுபடி பூவைப் பார்த்தார், மறுபடி செருப்பை. பசித்தவன் ஹோட்டல் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற மாதிரி நின்றார். ‘ஐயோ’ என்ற சத்தம் வாயில் வரவில்லையே தவிர முகம் முழுக்க எழுதியிருந்தது. நான் அந்தக் காப்பி மாதிரி ஒரு காப்பியைக் குடித்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆளா நான்? வாசலுக்குப் போனேன்.

“என்ன சார், பூ வேணுமா? நான் பறிச்சுத் தரேன்.”

“பறி தம்பி, பறி. உனக்குத்தான் புண்ணியம்” என்று பையை விரித்தார்.

மைக்செட் பெட்டி தூக்கும்போது போடுகிற என் செருப்பு, ஊர்ச் சகதியெல்லாம் ஒட்டியது, வாசலில் கிடந்தது. அதை ஆற அமர மாட்டிக்கொண்டு, சரக் சரக் என்று நடந்துபோய், செடியடியில் அழுத்தி நின்று, ஒரு கை நிறைய நந்தியாவட்டையைப் பறித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் என் காலைப் பார்த்தார். நானும் நன்றாகத் தெரியட்டும் என்று காலை முன்னால் நகர்த்தினேன்.

ஒரு பூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“பரவால்ல குடு தம்பி. வூட்டுல தண்ணி தெளிச்சுக்கிறேன்” என்று பையை இன்னும் அகலமாக விரித்தார். “அந்த மேல்கிளையையும் பாரு, வெள்ளிக்கெழம.”

என் கை தானாகப் பூவைப் பைக்குள் விட்டது. அவர் பையை ஆட்டி எடை பார்த்துக்கொண்டு திரும்பினார். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். வலது குதிகால் ஊன்றியது. இடது குதிகால் ஊன்றியது. நொண்டவில்லை. அந்த ஒன்றுக்காக மட்டும் அன்றைக்கு அவரைப் போகவிட்டேன்.